கருத்தை மாற்றிக்கொண்ட இமாம்

இஸ்லாமியச் சட்ட அறிஞர் இமாம் ஷாஃபியைப் பற்றிப் பேச்சு வந்தால் எல்லோரும் அவருடைய ஞாபக சக்தியில்தான் ஆரம்பிப்பார்கள். எனக்கு என்னவோ, அவர் தன் தீர்ப்பைத் தானே மாற்றிக்கொண்டதுதான் பெரிதாகப் படுகிறது.

767வாக்கில் காஸாவில் பிறந்தார். சின்ன வயதிலேயே அப்பா இறந்துவிட, அம்மா பிள்ளையோடு மக்காவுக்கு வந்துவிட்டார். எழுத ஏதும் வாங்கக் காசில்லாமல் எலும்புத் துண்டுகளில் பாடம் எழுதி ஒரு ஜாடியில் போட்டுவைப்பாராம். அப்புறம் மதீனாவில் சட்ட அறிஞர் இமாம் மாலிக்கிடம் படிப்பு, யமனில் அரசு வேலை, அங்கே கலகக்காரர் என்ற சந்தேகத்தில் சிக்கி கலீஃபா ஹாரூன் ரஷீத் முன்னால் கொண்டுபோய் நிறுத்தப்பட்டு, தலை தப்பியதே பெரிய விஷயம். ஆனால் அந்த வம்புதான் அவரை ஈராக்கில், அங்கத்திய சட்ட அறிஞர் அபூ ஹனீஃபாவின் மாணவர் ஷைபானியிடம் சேர்த்தது. மதீனாவின் ஹதீஸ் (நபிமொழி) மரபும் ஈராக்கியரின் தர்க்கமும் ஒரே ஆளிடம்!

குர்ஆன், நபிவழி, அறிஞர்களின் ஒருமித்த கருத்து, ஒப்பீடு (தெரிந்த தீர்ப்போடு ஒப்பிட்டுப் புதியதை முடிவு செய்வது) என்று சட்டத்தின் ஆதாரங்களை அவர் ஒழுங்குபடுத்திய நூல்தான் 'ரிஸாலா'.

சரி, எகிப்துக்குப் போன பிறகு பழைய தீர்ப்புகள் பலவற்றை அவரே மாற்றினார். ஈராக்கில் சொன்னது 'கதீம்' (பழையது), எகிப்தில் சொன்னது 'ஜதீத்' (புதியது). ஷாஃபி மத்ஹபில், அதாவது அவர் வழிச் சட்டப் பள்ளியில், பெரும்பாலும் ஜதீதுக்குத்தான் மதிப்பு.

820இல் எகிப்திலேயே இறந்தார். கெய்ரோவில் அவர் அடக்கத்தலத்துக் குவிமாடத்தின் உச்சியில் ஒரு சின்ன உலோகப் படகு இருக்கிறது, பறவைகளுக்குத் தானியம் வைக்க என்பார்கள்.