கல்லும் தளமும்

எங்கள் வீட்டு வளவில் நின்று தேக்குத் தூணைத் தட்டிக்காட்டி, “கொத்தனும் ஆசாரியும் இல்லாம இந்த வீடு தானா எந்திரிச்சிருமாப்பா? அப்ப இவ்வளவு பெரிய உலகம் மட்டும் எப்படித் தானா வரும்?” என்று அய்யா கேட்டார்கள். எனக்கு அப்போது பத்து வயது, பதில் தெரியவில்லை. அவர்கள் பக்தியின் மேல் இன்றும் எனக்கு மரியாதை உண்டு. ஆனால் அந்த வாதம் நிற்காது என்பதை எழுதிவைக்க வேண்டும் என்று தோன்றுகிறது.

வீட்டைப் பார்த்ததும் கட்டியவர் ஒருவர் இருந்தார் என்று நாம் தயங்காமல் சொல்வது, வீடு கட்டப்படுவதைப் பலமுறை பார்த்திருப்பதால்தான். ஆத்தங்குடியில் தரையில் பதிக்கும் பூக்கல் போடுவதை அருகில் உட்கார்ந்து பார்த்திருக்கிறேன்: கண்ணாடித் துண்டின்மேல் அச்சை வைத்து, கரண்டியால் வண்ணக் குழம்பைக் கட்டம் கட்டமாக ஊற்றி, அச்சை மெல்லத் தூக்கி, மேலே சிமெண்டும் மணலும் இட்டு, பிறகு தண்ணீரில் ஊறப்போடுகிறார்கள். அதனால் ஒரு கல்லைக் கண்டால் அதன் பின்னால் ஒரு கை இருப்பது எனக்குத் தெரிகிறது. பிரபஞ்சமோ ஒன்றே ஒன்று; அது உண்டாவதை எவரும் பார்த்ததில்லை; செய்யப்பட்ட பிரபஞ்சத்தையும் செய்யப்படாத பிரபஞ்சத்தையும் பக்கத்தில் வைத்து ஒப்பிடவும் வழியில்லை.

இன்னொன்று, எந்தக் கொத்தனாரும் ஒன்றுமில்லாததிலிருந்து எதையும் உண்டாக்கவில்லை. பர்மாத் தேக்கும் சுண்ணாம்பும் முன்பே இருந்தன. அவர் அவற்றைச் சேர்த்தார். 13ஆம் நூற்றாண்டின் மெய்கண்டாரை முதலாசிரியராகக் கொண்ட சைவ சித்தாந்தம் இதை நன்றாக உணர்ந்திருந்தது. மண் முதற்காரணம், தண்டும் சக்கரமும் துணைக்காரணம், குயவன் நிமித்த காரணம் என்று பிரித்து, உலகுக்கு முதற்காரணமான மாயையும் இறைவனைப் போலவே அநாதி என்றது. சூனியத்திலிருந்து படைத்தார் என்பதைவிட இது நேர்மையான நிலை என்று நினைக்கிறேன். ஆனால் மாயை சடம், தானாக இயங்காது, ஆகவே இயக்குபவன் வேண்டும் என்ற அடுத்த படியில்தான் சிக்கல். உப்புக் கரைசல் வற்றும்போது கனசதுரமாக உறையும் படிகத்துக்கு அச்சுப் பிடிப்பவர் எவருமில்லை. அப்படி உறையும் இயற்கை விதியை வைத்தவர் இறைவன் என்றால், நிறுவ வேண்டியதையே முன்கூட்டி எடுத்துக்கொண்டதாகிவிடும்.

“உலகில் ஒவ்வொன்றுக்கும் காரணம் உண்டு, ஆகவே உலகுக்கும் ஒரு காரணம் உண்டு” என்பதிலும் ஒரு தாவல் இருக்கிறது. எங்கள் வீட்டுப் பட்டாலைக் கூடத்துத் தரையில் ஒவ்வொரு கல்லும் ஓர் அச்சிலிருந்து வந்தது. அதற்காக முழுத் தளமும் ஒரு பெரிய அச்சிலிருந்து வந்தது என்று எவரும் சொல்ல மாட்டார்கள். பகுதிக்கு உள்ள இயல்பு முழுமைக்கும் இருந்தே தீர வேண்டும் என்று விதியில்லை. 1948இல் வானொலி விவாதம் ஒன்றில் ஆங்கிலத் தத்துவ அறிஞர் பெர்ட்ரண்ட் ரஸ்ஸல் இதையே, மனிதர் ஒவ்வொருவருக்கும் தாய் உண்டு என்பதால் மனித குலத்துக்கே ஒரு தாய் உண்டு என்றாகாது என்று விளக்கினார்.

கடவுளுக்குக் காரணம் வேண்டாம் என்றால், காரணமில்லாத ஒன்று இருக்க முடியும் என்று ஒப்புக்கொண்டாயிற்று. பிறகு அந்தச் சலுகையைப் பிரபஞ்சத்துக்கு மட்டும் ஏன் மறுக்க வேண்டும்? “தொடக்கம் உடையவற்றுக்கு மட்டுமே காரணம் வேண்டும், பிரபஞ்சம் 1380 கோடி ஆண்டுகளுக்கு முன் தொடங்கியது” என்று சிலர் திருத்திச் சொல்கிறார்கள். பெருவெடிப்புக் கொள்கை, நாம் அறிந்த பிரபஞ்ச விரிவின் தொடக்கத்தைச் சொல்கிறது. இன்மையிலிருந்து இருப்பு வந்ததைச் சொல்லவில்லை. அந்தக் கருத்தை 1931இல் முன்வைத்த ஜார்ஜ் லெமேத்ரே கத்தோலிக்கப் பாதிரியார். 1951இல் போப் பன்னிரண்டாம் பயஸ் அதைப் படைப்புக்குச் சான்றாகக் காட்டிப் பேசியபோதும், அறிவியல் கருத்தைச் சமயத்தோடு இணைக்க லெமேத்ரே உடன்படவில்லை.

முதற்காரணம் ஒன்று உண்டு என்றே வைத்துக்கொண்டாலும், அது பிள்ளையார்பட்டியில் நாம் கும்பிடும் கருணையுள்ள கடவுள்தான் என்பதற்கு அந்த வாதத்தில் எதுவும் இல்லை. எங்கள் வீட்டையே பல கைகள் கட்டின. அவர்களில் ஒருவரும் இன்று உயிருடன் இல்லை. அந்த ஒப்புமைப்படி, உலகைக் கட்டியவரும் ஒருவராகவோ இன்றும் இருப்பவராகவோ இருக்க வேண்டியதில்லை.

கல்லூரி முடித்து வந்த ஒரு விடுமுறையில் இவற்றில் சிலவற்றைச் சொன்னேன். அய்யா கோபப்படவில்லை. சற்று நேரம் கழித்து, “சரிப்பா, ஒண்ணுமே இல்லாம இருந்திருக்கலாமே, ஏன் எல்லாம் இருக்கு?” என்று கேட்டார்கள். ஜெர்மன் தத்துவ அறிஞர் லைப்னிட்ஸ் 1714இல் எழுப்பிய அதே கேள்வி. அதற்கு என்னிடம் விடை இல்லை. கடவுள் என்று சொன்னாலும், அந்தக் கடவுளும் இல்லாமல் இருந்திருக்கலாமே, ஏன் இருக்கிறார் என்று அதே கேள்வி திரும்ப வருகிறதே என்று மட்டும் சொன்னேன்.