நாற்பதுக்கு முன் சில வாரங்கள்

8 ஜனவரி 2024, திங்கள்

கிறிஸ்துமஸுக்கு மறுநாள், அதாவது மாதவிலக்கின் இரண்டாம் நாள், கொடுத்த இரத்தத்தின் முடிவுகள் இன்று கைக்கு வந்தன. கருமுட்டை இருப்பைக் காட்டும் ஏஎம்எச் ஒரு மில்லிலிட்டருக்கு 0.6 நானோகிராம், சினைப்பையைத் தூண்டும் எஃப்எஸ்எச் 9.1, தைராய்டுக்கான டிஎஸ்எச் 1.9. பதினான்கு ஆண்டுகளாக இரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்க்கும் நான், இதே எண்களைப் பிற பெண்களுக்காக ஆயிரக்கணக்கில் சரிபார்த்து அனுப்பியிருக்கிறேன். ஆனாலும் என் தாளிலிருந்த குறைவான 0.6ஐ, சிங்கப்பூர் எம்ஆர்டி ரயிலில் ஈசூன் வரை எத்தனை முறை திறந்து பார்த்தேன் என்று தெரியவில்லை.

எனக்கு வரும் மே 2ஆம் தேதி நாற்பது வயது நிறைகிறது. திருமணமே முப்பத்தாறில்தான் நடந்தது. மூன்று ஆண்டுகளாகக் குழந்தைக்காகக் காத்திருக்கிறோம். தம் பரிசோதனையை முதலில் முடித்துக்கொண்டவர் என் கணவர்தான். அவரிடம் குறையேதும் இல்லை.

12 ஜனவரி, வெள்ளி

மருத்துவர் பொறுமையாக விளக்கினார். சினைப்பைக்குள் வளரத் தொடங்கியிருக்கும் சிறு நுண்ணறைகள் சுரப்பதே ஏஎம்எச். எஞ்சியிருக்கும் கருமுட்டைகளின் இருப்பு எவ்வளவு, ஊசி மருந்துக்குச் சினைப்பை எந்த அளவு ஈடுகொடுக்கும் என்பதை அது ஓரளவு காட்டும். முட்டையின் தரத்தை அது காட்டாது. தரம் பெரும்பாலும் வயதைப் பொறுத்தது. ஸ்கேனில் இரு பக்கமும் சேர்த்து ஐந்து நுண்ணறைகள் தெரிந்தன. பெண் குழந்தை பிறக்கும்போதே பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட முட்டைகளோடு பிறக்கிறாள் என்று பள்ளியில் படித்தது, அந்தத் திரையில் ஐந்து கரும்புள்ளிகளைப் பார்த்தபோது நினைவுக்கு வந்தது. இனியும் காத்திருக்காமல், சோதனைக்குழாய் முறையான ஐவிஎஃப் தொடங்குவதே நல்லது என்றார்.

14 ஜனவரி, ஞாயிறு

இரவு இரண்டு மணிக்கு எழுந்து உட்கார்ந்துவிட்டேன். முடி உதிர்வுக்காக அக்டோபர் முதல் நாள்தோறும் 10 மில்லிகிராம் பயோட்டின் மாத்திரை சாப்பிட்டு வருகிறேன். இரத்தம் கொடுத்த அன்று காலையிலும் சாப்பிட்டேன். ஹார்மோன்களை அளக்கும் கருவிகள் பலவும் பயோட்டின் ஒட்டிக்கொள்ளும் தன்மையைக் கொண்டே இயங்குகின்றன. இரத்தத்தில் பயோட்டின் மிகுந்திருந்தால், அது கருவியில் சோதனைப் பொருள் ஒட்ட வேண்டிய இடத்தை அடைத்துக்கொண்டு, எஃப்எஸ்எச், டிஎஸ்எச் போன்றவற்றின் அளவை உள்ளதைவிடக் குறைத்துக் காட்டிவிடும். அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் 2017இலேயே இதைப் பற்றி எச்சரித்தது. பிறருக்குச் சொல்லும் நானே என் விஷயத்தில் மறந்துபோனேன். இரத்தம் எடுத்த இடத்திலும் மாத்திரை ஏதும் சாப்பிடுகிறீர்களா என்று ஒருவரும் கேட்கவில்லை. இதைக் கேட்காமல் ஊசி குத்துவது தவறு என்று இப்போதும் நினைக்கிறேன்.

இதை எழுதும்போது மனத்துக்குள் ஓர் ஆசை எழுவதை மறைக்க விரும்பவில்லை. அந்த 0.6உம் பொய்யாக இருக்கக்கூடாதா?

24 ஜனவரி, புதன்

மாத்திரையை ஒரு வாரம் நிறுத்திவிட்டு, திங்கட்கிழமை மீண்டும் இரத்தம் கொடுத்தேன். ஏஎம்எச் 0.7. அதை பயோட்டின் பாதிக்காத வேறொரு முறையில் அளக்கிறார்கள் என்பதைப் பிறகுதான் அறிந்தேன். ஆசைப்பட்ட எண் அசையவில்லை. நன்றாக இருப்பதாக நம்பியிருந்த இரண்டு எண்கள்தாம் மோசமாக மாறிவிட்டன. எஃப்எஸ்எச் 12.4, டிஎஸ்எச் 3.6. எஃப்எஸ்எச் மாதத்துக்கு மாதம் ஏறி இறங்கக்கூடியது என்பதால் அதன் முழுப் பழியையும் மாத்திரைமேல் போட முடியாது. டிஎஸ்எச் 3.6 என்பது பொதுவாக நோயாகக் கருதப்படுவதில்லை என்றாலும், கருத்தரிக்க முயலும்போது 2.5க்குக் கீழே இருப்பதை விரும்புவதாகச் சொல்லி, மருத்துவர் 25 மைக்ரோகிராம் தைராக்சின் எழுதிக்கொடுத்தார். ஃபோலிக் அமிலம் முன்பே சாப்பிட்டு வருகிறேன்.

தைராக்சினை வெறும் வயிற்றில் விழுங்கி அரை மணி நேரம் கழித்தே காப்பி குடிக்க வேண்டும். என் மாமியாரான அத்தை என் காப்பியைத் தட்டுப் போட்டு மூடிவைத்து, கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே இருக்கிறார்.

3 பிப்ரவரி, சனி

இன்று முழுவதும் பணக் கணக்கு. அரசாங்க மருத்துவமனையில் செய்துகொண்டால் சிங்கப்பூர்த் தம்பதியருக்குச் செலவில் 75 விழுக்காடு வரை அரசு ஏற்கிறது. புதிய சுழற்சி ஒன்றுக்கு, அதாவது முட்டை எடுப்பது முதலான ஒரு முழு முயற்சிக்கு, உச்சவரம்பு 7,700 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்). மருத்துவச் சேமிப்புக் கணக்கான மெடிசேவிலிருந்து முதல் முறைக்கு 6,000 வெள்ளி வரை எடுக்கலாம். நாற்பது வயதுக்குள் முயன்றவர்களுக்கு மட்டும், மானியம் பெறும் ஆறு சுழற்சிகளில் இரண்டை நாற்பதுக்குப் பிறகும் பயன்படுத்த 2020 முதல் இடமுண்டு. ஐவிஎஃப் செய்துகொள்வதற்கு இருந்த 45 வயது வரம்பும் அதே ஆண்டில்தான் நீங்கியது. எனவே எனக்கு மே 2 ஒரு கதவு மூடும் நாள். அதற்கு முன்பு ஒரு முறையாவது தொடங்கிவிட வேண்டும்.

19 பிப்ரவரி, திங்கள்

சினைப்பையைத் தூண்டும் முதல் ஊசி. பேனா வடிவத்திலான ஊசியில் 300 அலகு என்று திருகி, தொப்புளுக்கு இரண்டு விரற்கடை தள்ளிக் குத்தி, பத்து எண்ணும்வரை அழுத்திப் பிடிக்க வேண்டும். கணவர் எண்ணினார்.

மருந்து குளிர்பதனப் பெட்டியில் இருக்க வேண்டும். அத்தை தோசை மாவுப் பாத்திரத்தைக் கீழ்த்தட்டுக்கு மாற்றிவிட்டு, “மருந்து மேலேயே இருக்கட்டும்மா, மாவு பொங்கினாலும் அதுமேல படாது” என்றார். இதுவரை அவர் என்னிடம் குழந்தையைப் பற்றி ஒரு கேள்வியும் கேட்டதில்லை. இன்று தாமாகவே, என் கணவரை 1982இல் கண்டாங் கெர்பாவ் மருத்துவமனையில் பெற்ற கதையைச் சொன்னார். 1966இல் மட்டும் 39,835 குழந்தைகள் பிறந்த இடம் அது. என் கணவர் பிறந்த மறு ஆண்டே, இலங்கையில் பிறந்த பேராசிரியர் எஸ்.எஸ். ரத்தினத்தின் குழுவினரின் முயற்சியால் சிங்கப்பூரின் முதல் சோதனைக்குழாய்க் குழந்தையும் அங்கேதான் பிறந்தது. நான் அதைச் சொன்னபோது அத்தை நெடுநேரம் மருந்துப் பெட்டியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

29 பிப்ரவரி, வியாழன்

நேற்றிரவு ஒன்பதரைக்குக் கடைசி ஊசி. அதற்குச் சரியாக 36 மணி நேரம் கழித்து முட்டையை எடுக்க வேண்டும். இன்று ஊசி இல்லை.

4 மார்ச், திங்கள்

வெள்ளிக்கிழமை மூன்று முட்டைகள் கிடைத்தன. இரண்டு முதிர்ந்தவை, ஒன்று கருவானது. அந்த ஒன்றை இன்று உள்ளே வைத்தார்கள். தாதி திரையைச் சுட்டிக்காட்டினார்; வெண்மையாக ஒரு பொட்டு மின்னி நின்றது. கணவர் என் கையை விடவே இல்லை.

18 மார்ச், திங்கள்

கர்ப்பத்தைக் காட்டும் பீட்டா எச்சிஜி 1க்கும் குறைவு; கரு தங்கவில்லை. சனிக்கிழமையே இலேசாக இரத்தக்கசிவு தொடங்கியதால் எனக்குத் தெரிந்திருந்தது, எனினும் அழுதேன். அத்தை ஒன்றும் பேசாமல் காப்பியைக் கொண்டுவந்து வைத்தார்.

22 மார்ச், வெள்ளி

நாற்பதுக்குள் ஒரு சுழற்சியை முடித்துவிட்டதால், மே மாதத்துக்குப் பிறகும் மானியத்தோடு முயல எனக்கு வழி இருக்கிறது. அடுத்ததை ஜூனில் வைத்துக்கொள்ளலாம் என்று மருத்துவர் சொன்னார்; அதற்கு முன்பு டிஎஸ்எச் இறங்கியிருக்கிறதா என்று பார்க்க வேண்டுமாம். இன்று காலை தைராக்சின் விழுங்குமுன் இரத்தம் கொடுத்தேன். படிவத்தில் வேறு மருந்துகளுக்கான கட்டம் காலியாக இருந்தது. ஃபோலிக் அமிலம் என்று எழுதி, அதன் கீழே “பயோட்டின் ஜனவரி 14 முதல் நிறுத்தப்பட்டது” என்றும் எழுதிக் கையெழுத்திட்டேன்.