இன்டெக்ஸ் கோப்பு கடைசியில் ஏறட்டும்

வீட் (Vite) என்ற கருவியில் வெப் ஆப்பின் பில்டு முடிந்ததும் கையில் கிடைப்பது ஒரு இன்டெக்ஸ்.எச்டிஎம்எல், பெயரோடு 8 எழுத்து ஹாஷ் (உள்ளடக்கம் மாறினால் தானும் மாறும் குறியீடு) ஒட்டிய ஜாவாஸ்கிரிப்ட், சிஎஸ்எஸ் கோப்புகள். அவற்றை அமேசானின் கோப்புக் கிடங்கான எஸ்3 பக்கெட்டில் போட்டு, முன்னால் அதன் சிடிஎன் (நகல்களை வைத்துப் பயனருக்கு வேகமாகத் தரும் சேவை) ஆன கிளவுட்ஃபிரண்டை வைப்பது வழக்கம். டெப்ளாய் செய்யும் (தளத்தில் ஏற்றும்) பைப்லைனில் பலர் எழுதுவது ஒரே வரிதான்: பில்டு விழும் டிஸ்ட் ஃபோல்டரை டிலீட் ஃபிளாகுடன் சிங்க் செய், அதாவது புதியதை ஏற்றி, பில்டில் இல்லாததை பக்கெட்டிலிருந்து அழி. டெஸ்ட் செய்யும்போது இதில் குறையே தெரியாது.

காலையில் பக்கத்தைத் திறந்தவர், நடுவில் டெப்ளாய் நடந்தது தெரியாமல், மதியம் ரிப்போர்ட் மெனுவைத் தொடுகிறார். அவருடைய டேபில் ஓடுவது பழைய பில்டு. அது கேட்கும் கோப்பை சிங்க் அழித்துவிட்டது. வெள்ளைத் திரை. இதில் இன்னொரு கூத்து: கோப்பு இல்லையென்றால் இன்டெக்ஸை 200 என்று அனுப்பும்படி கிளவுட்ஃபிரண்டில் எரர் பேஜ் வைத்திருப்போம். பிரவுசர் ஜாவாஸ்கிரிப்ட் கேட்க, எச்டிஎம்எல் வந்து நிற்கும். லாகிலோ எல்லாமே 200, மானிட்டரிங் வாயே திறக்காது. அந்த எரர் பேஜை எடுத்துவிடுங்கள். பாதையில் புள்ளி இல்லாத கோரிக்கைகளை மட்டும் இன்டெக்ஸுக்குத் திருப்ப ஒரு சின்ன கிளவுட்ஃபிரண்ட் ஃபங்ஷன் போதும்.

சிங்க் கோப்புகளை ஏற்றும் வரிசைக்கும் உத்தரவாதம் கிடையாது; இன்டெக்ஸ் முந்திக்கொண்டால் அது கேட்கும் கோப்பு இன்னும் வந்திருக்காது. அதனால் இரண்டு படியாகப் பிரியுங்கள். முதலில் ஹாஷ் கோப்புகள் உள்ள அசெட்ஸ் ஃபோல்டர் மட்டும், டிலீட் ஃபிளாக் இல்லாமல். நகலை எவ்வளவு நேரம் வைக்கலாம் என்று சொல்லும் கேஷ்-கன்ட்ரோல் ஹெடரில் மேக்ஸ்-ஏஜ் 31536000 (விநாடியில் ஓர் ஆண்டு), இம்யூட்டபிள் (மாறாது). பிறகு புது இன்டெக்ஸில் உள்ள ஒவ்வொரு ஸ்கிரிப்ட், ஸ்டைல் முகவரியையும் சிடிஎன் வழியாகக் கர்ல் என்ற கட்டளையால் கேட்டுப் பாருங்கள். ஸ்டேட்டஸ் மட்டும் போதாது, கன்டென்ட்-டைப்பும் சரியா என்று பார்க்க வேண்டும். எல்லாம் தேறினால் மட்டும் இன்டெக்ஸை நோ-கேஷ் (ஒவ்வொரு முறையும் புதிதா என்று சரிபார்) ஹெடரோடு ஏற்றுங்கள்.

நேரம் மிச்சமாகும் என்று, அளவை மட்டும் ஒப்பிடும் சைஸ்-ஒன்லி ஃபிளாகை சிங்கில் சேர்ப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. இரண்டு பில்டுக்கு இடையில் இன்டெக்ஸில் பெரும்பாலும் மாறுவது ஹாஷ் மட்டுமே. 8 எழுத்து போய் வேறு 8 எழுத்து வரும். பைட் அளவு அதேதான். சிங்க் அதைத் தொடாமல் தாண்டிவிடும், பைப்லைன் பச்சை காட்டும், தளத்தில் பழைய பதிப்பே ஓடும். இன்டெக்ஸுக்கு, ஒப்பிடாமல் அப்படியே நகலெடுக்கும் சிபி கட்டளையே நல்லது.

பழைய கோப்புகளை எப்போது அழிப்பது? 30 நாளானதும் எஸ்3 தானே அழிக்கும்படி லைஃப்சைக்கிள் ரூல் வைக்கத் தோன்றும். வேண்டாம். அது கோப்பு ஏறிய நாளிலிருந்துதான் எண்ணும், பயனில் இருக்கிறதா என்று பார்க்காது. ஒரு மாதம் டெப்ளாய் இல்லாவிட்டால் ஓடிக்கொண்டிருக்கும் பில்டே காணாமல் போகும். ஒவ்வொரு ரிலீஸின் மேனிஃபெஸ்டையும் (அதிலுள்ள கோப்புகளின் பட்டியல்) சேமித்து, கடைசி 10 மேனிஃபெஸ்டில் எதிலும் இல்லாததை மட்டும் ஒரு ஸ்கிரிப்ட் அழிக்கட்டும். அப்படியும் தவறுகிற டேபுக்கு கோப்பு கிடைக்காதபோது வீட் கருவி எழுப்பும் ப்ரீலோட்எரர் நிகழ்வைப் பிடித்து ஒரே ஒரு முறை ரீலோட் செய்யலாம். ரீலோட் ஆகிவிட்டது என்று பிரவுசரின் செஷன்ஸ்டோரேஜில் குறி வைக்காவிட்டால் ரீலோட் நிற்காமல் சுற்றும்.

பைப்லைன் கிட்ஹப் ஆக்ஷன்ஸில் ஓடினால், இரண்டு டெப்ளாய் ஒரே நேரத்தில் ஓடாதபடி கன்கரன்சி குரூப் வையுங்கள், ஆனால் ஓடும் டெப்ளாய் பாதியில் நிற்காதபடி கேன்சல்-இன்-ப்ராகிரஸ் ஃபால்ஸ் என்றே இருக்கட்டும்.

இதெல்லாம் இருந்தால் ரோல்பேக்குக்கு (முந்தைய பதிப்புக்குத் திரும்ப) மறுபடி பில்டு தேவையில்லை. ஒவ்வொரு ரிலீஸிலும் கமிட் பெயரில் எடுத்து வைத்த பழைய இன்டெக்ஸை அதே நோ-கேஷ் ஹெடரோடு இப்போதைய இன்டெக்ஸின் மேலே காப்பி செய்து, ரூட் பாதை, இன்டெக்ஸ் பாதை இரண்டையும் கிளவுட்ஃபிரண்டில் இன்வாலிடேட் செய்தால் (வைத்திருக்கும் நகலைச் செல்லாததாக்கினால்) ஆயிற்று.