என் ஓட்டு பிக்கர்ஸ்டாஃபுக்குத்தான்

அமெரிக்கக் கூடைப்பந்து லீக்கான என்.பி.ஏ.வின் 2024-25 சீசனில் சிறந்த பயிற்சியாளர் விருது கிளீவ்லாந்து அணியின் கென்னி அட்கின்சனுக்குப் போனது. 82 ஆட்டங்களில் 64 வெற்றி, அதிலும் முதல் 15 ஆட்டங்களில் தோல்வியே இல்லை. குறை சொல்ல இடமில்லைதான். ஆனாலும் எனக்கு மனசு ஆறவில்லை.

டெட்ராய்ட் அணியைப் பாருங்கள். முந்தைய சீசனில் ஜெயித்தது வெறும் 14. நடுவில் வரிசையாக 28 தோல்வி வேறு. அந்த அணியைத்தான் ஜே.பி. பிக்கர்ஸ்டாஃப் கையில் கொடுத்தார்கள். ஒரே வருடத்தில் 44 வெற்றி! டோபையாஸ் ஹாரிஸ், மாலிக் பீஸ்லி மாதிரி அனுபவசாலிகள் புதிதாக வந்தார்கள், சரி. ஆனால் தோற்றுத் தோற்றுப் பழகிய பையன்களை நிமிர்த்தி உட்கார வைப்பது சும்மா நடக்கிற காரியமா?

இதில் இன்னொரு கூத்து. 2024இல் பிக்கர்ஸ்டாஃபை வீட்டுக்கு அனுப்பியதே கிளீவ்லாந்துதான். அவர் எழுந்த நாற்காலியில் உட்கார்ந்தவர் அட்கின்சன். ஓட்டெடுப்பில் பிக்கர்ஸ்டாஃபுக்கு இரண்டாமிடம்.

சீசன் முடிந்து நடக்கும் பிளேஆஃப் சுற்றுகளுக்கு முன்பே ஓட்டுப் போட்டுவிடுகிறார்கள் என்பதால் அதை நான் கணக்கில் சேர்க்கவில்லை. ஆனால் அதில் நியூயார்க்குக்கு எதிரான நான்காவது ஆட்டம் இன்னும் கண்ணிலேயே நிற்கிறது. 94-93 என நியூயார்க் முன்னிலை, கடைசி நொடி, மூலையிலிருந்து டெட்ராய்ட்டின் டிம் ஹார்டவே ஜூனியர் எறிகிறார், நியூயார்க்கின் ஜாஷ் ஹார்ட் வந்து மோதுகிறார், விசில் வரவில்லை. அது ஃபவுல்தான் என்று நடுவர் அப்புறம் ஒத்துக்கொண்டார். யாருக்கு என்ன லாபம்?