கசிப்பை நிறுத்தச் சொல்லி அலுவலகம் அலுவலகமாக அலைந்த கதை

ஊரில் கசிப்பு, அதாவது களவாகக் காய்ச்சும் சாராயம், விற்கிறார்கள் என்று முறைப்பாடு கொடுக்கப் போகிறவர்கள், கிளம்புவதற்கு முன் இதை ஒருமுறை வாசித்துவிடுங்கள். எங்கள் மாதர் கிராம அபிவிருத்திச் சங்கம் இந்த வேலையில் இறங்கி இப்போதுதான் கொஞ்சம் மூச்சு விடுகிறது. எனக்குக் கோபம் இன்னும் ஆறவில்லை.

திருகோணமலையில் கொட்டியாரக் குடாவைச் சுற்றியுள்ள ஊர்களைத் தெரிந்தவர்களுக்கு நிலைமையை விளக்கத் தேவையில்லை. கண்டல் பற்றைக்குள் கோடா (காய்ச்சுவதற்குப் புளிக்கவைத்த ஊறல்) பரல், பொழுதுபட்டால் போத்தல். பள்ளிக்கூடப் பொடியன்கள் கைக்கும் அது போகத் தொடங்கியபோதுதான் சங்கத்தில் பேச்செடுத்தோம்.

முதலில் பொலிசுக்குப் போனோம். "இது மதுவரிக்காரர்ட வேலை அக்கா" என்றார் மேசையில் இருந்தவர். சரியென்று மதுவரித் திணைக்களத்துக்குப் போனால், பார்க்க வேண்டியவர் வெளிக்கள வேலைக்குப் போய்விட்டாராம். பஸ் காசும் ஒரு நாள் கூலியும் போனதுதான் மிச்சம். மறுபடி போனபோது, "இடம், நேரம், ஆள் ஒன்றும் சரியாகத் தெரியாமல் நாங்கள் வந்து என்ன செய்யிறது?" என்று கேட்டார்கள். அந்தக் கேள்வியில் நியாயம் இருந்தது. ஆனால் முதலில் சொன்னது நியாயமே இல்லை. மதுவரிக் கட்டளைச் சட்டத்தின் கீழ் பொலிசும் பிடிக்கலாம், மதுவரித் திணைக்களமும் பிடிக்கலாம். யாராவது உங்களை மற்றவரிடம் தள்ளிவிட்டால் இதைச் சொல்லுங்கள். திணைக்களத்துக்கு 1913 என்ற இலக்கத்திலும் தகவல் கொடுக்கலாம். எந்த நேரம் காய்ச்சுகிறார்கள், எந்தப் பாதையால் கொண்டுவருகிறார்கள் என்று ஒரு கொப்பியில் குறித்துவைத்துக்கொண்டு பேசினால் கேட்கிற விதமே மாறும்.

முறைப்பாட்டைச் சிங்களத்தில் எழுதிவிட்டுக் கையெழுத்து வைக்கச் சொன்னார்கள். வடக்கிலும் கிழக்கிலும் நிர்வாக மொழி தமிழ். வாசிக்க முடியாத கடதாசியில் கையெழுத்து வைக்க மாட்டோம் என்று எங்கள் தலைவி ஒரே பிடியாக நின்றார். தமிழ் எழுதத் தெரிந்தவர் வரும்வரை வாங்கிலேயே இருந்தோம். மத்தியானம் கழிந்துதான் எழுதினார்கள். பரவாயில்லை, இருந்தால் எழுதத்தான் செய்கிறார்கள்.

அடுத்து நடந்ததை நினைத்தால் இப்போதும் எரிகிறது. ஊர்ப் பெண்கள் பெயர் போட்டுக் கையெழுத்து வைத்த மனுவை ஓர் அலுவலகத்தில் கொடுத்தோம். அன்று இரவே விற்கிற ஆள் ஒரு மாமியின் படலையில் வந்து நின்று, "கையெழுத்து வைச்ச ஆக்களின்ர பேரெல்லாம் எனக்குத் தெரியும்" என்று சத்தம் போட்டான். உள்ளே இருந்து யாரோ சொல்லாமல் அவனுக்கு எப்படித் தெரியும்? பாதிப் பேர் விலகிவிட்டார்கள். விலகினவர்களை நான் குறை சொல்லமாட்டேன். ஆகவே தனிப் பெயர்கள் வேண்டாம். சங்கத்தின் கடிதத் தலைப்பும் முத்திரையும் தலைவி, செயலாளர் கையெழுத்தும் போதும். உங்கள் பிரதியில் திகதியோடு பெற்றுக்கொண்ட முத்திரை குத்தி வாங்குங்கள். குத்தமாட்டோம் என்றால் பதிவுத் தபாலில் அனுப்புங்கள்.

ஒருவழியாகச் சுற்றிவளைப்பு நடந்தது, ஆளைப் பிடித்தார்கள், வழக்குப் போட்டார்கள். தண்டப்பணம் கட்டிவிட்டு வந்து அந்த வாரமே திரும்ப அடுப்பு மூட்டினான்.

வழி காட்டியவர் பிரதேச செயலகத்தில் இருந்த சிறுவர் உரிமை மேம்பாட்டு உத்தியோகத்தர், சின்ன வயதுப் பிள்ளை. "அக்கா, கசிப்பு என்று தொடங்காதீங்கோ, பள்ளிக்கூடம் போகாத பிள்ளைகள் என்று தொடங்குங்கோ. பிரதேச சிறுவர் அபிவிருத்திக் குழுவில வைப்பம்" என்றார். அந்தக் குழுவுக்குப் பிரதேச செயலாளர்தான் தலைமை. பொலிஸ், சுகாதாரம், கல்வி, நன்னடத்தை எல்லோரும் ஒரே மேசையில். மதுவரியையும் அழைக்கச் சொல்லிக் கடிதம் கொடுத்தோம். அதிபரிடம் வரவு விபரம் வாங்கிக்கொண்டு போனோம். 2006 ஆம் ஆண்டின் 27 ஆம் இலக்கச் சட்டப்படி 21 வயதுக்குக் குறைந்தவர்களுக்கு மது விற்பது குற்றம் என்பதையும் எழுதிக் கொண்டுபோனோம். "அது அவங்கட வேலை" என்று சொல்ல வாயெடுத்தவருக்குப் பக்கத்துக் கதிரையிலேயே அந்த "அவங்க" இருந்தார்கள். அன்று நான் வயிறு குளிரச் சிரித்தேன், வீட்டுக்கு வந்த பிறகு. எந்த வேலையை எந்தப் பதவிக்காரர் எந்தத் திகதிக்குள் செய்வது என்று கூட்டக் குறிப்பில் எழுதவைத்தோம். இதை விட்டுவிட்டால் தேநீர் குடித்ததுதான் மிச்சமாகும்.

குறிப்பின் பிரதி கேட்டபோது, அது உள் ஆவணம், தரமுடியாது என்றார் ஒருவர். 2016 இன் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் விண்ணப்பம் எழுதித் தகவல் அலுவலரிடம் கொடுத்தோம். 14 வேலை நாட்களுக்குள் தீர்மானம் சொல்ல வேண்டும். அதற்கு முன்னமே பிரதி வந்துவிட்டது!

இரண்டாவது சுற்றிவளைப்பில் பரல்களே அழிந்தன. ஆனால் ஒன்றை அந்த மேசையில் யாரும் யோசிக்கவில்லை. வருடக்கணக்காக நாள் தவறாமல் குடித்தவருக்குத் திடீரென்று கிடைக்காமல் போனால் என்ன ஆகும்? எங்கள் ஒழுங்கையில் ஒருவருக்குக் கை நடுக்கம், வியர்வை, பிறகு இல்லாத ஆட்களோடு பேச்சு. பேய் பிடித்துவிட்டது என்று திருநீறு போடப் போனார்கள். மிட்வைஃப் மிஸ்தான் ஓடிவந்து, இது குடி நின்றதால் வருவது, வலிப்பு வரலாம், உயிரே போகலாம் என்று 1990 க்கு அழைத்தார். அம்பியூலன்ஸ் வந்தது, காசு இல்லை, ஆள் தப்பினார். ஆகவே நன்றாகக் குடிக்கிறவர்கள் யார் என்பதை முன்கூட்டியே சுகாதாரப் பகுதிக்குச் சொல்லிவைத்து, மருத்துவரின் பார்வையில் நிறுத்தவையுங்கள். வைராக்கியத்தில் ஒரே நாளில் விடச் சொல்லாதீர்கள். இப்போது அவர் கிளினிக் போகிறார். பிரதேச செயலகத்தின் உளவளத்துணை உத்தியோகத்தரும் வீட்டுக்கு வந்து அவரோடும் மனைவியோடும் பேசுகிறார். மனைவியிடம் வீட்டில் அடி நடந்தால் பெண்களுக்கான உதவி இலக்கமான 1938 க்கு எடுக்கலாம் என்று சொல்லிவைத்திருக்கிறோம்.

பற்றைக்குள் இப்போது அடுப்பு இல்லை. ஆனால் பக்கத்து ஊரிலிருந்து மோட்டார் சைக்கிளில் போத்தல் வருவதாகக் கேள்வி. போய்ச் சொன்னோம். அது வேறு பொலிஸ் பிரிவாம், அங்கே தனியாக முறைப்பாடு கொடுக்க வேண்டுமாம்.