எந்த இடத்தில் நிற்கிறது?

பெங்களூர் அல்சூரில், சோமேஸ்வரர் கோயிலுக்குப் பக்கத்துச் சந்தில் எங்கள் ஸ்டூடியோ. கல்யாண வீடியோதான் சோறு போடுகிறது. போன தை மாதம் முகூர்த்தங்கள் வரிசை கட்டி நிற்க, ஓனர் அண்ணா ஒருவழியாக மனசு வைத்தார். கம்ப்யூட்டர் பாகங்கள் விற்கும் எஸ்.பி. ரோட்டுக்குப் போய், எடிட்டிங் கம்ப்யூட்டருக்குப் புதுப் பிராசசர், போர்டு, கிராபிக்ஸ் கார்டு, 32 ஜிபி ரேம் (நினைவகம்) எல்லாம் வாங்கி வந்தோம். பழைய 8 ஜிபி ரேம் இரண்டு மிச்சம் கிடந்தது. அதுவும் புதுசைப் போல டிடிஆர்4 ரகம்தானே, வீணாக்குவானேன் என்று காலி ஸ்லாட்டில் செருகியவன் நான். 48 ஜிபி என்று திரையில் பார்த்ததும் அண்ணாவுக்கு வாயெல்லாம் பல்.

முதல் நாள் புராஜெக்டைத் திறந்தால் ஒரு கிளிப்பைக் காணோம். அது சின்ன விஷயம். ஹார்டு டிஸ்கை மாற்றி மாட்டியதில் எஃப் டிரைவ் ஜி ஆகியிருந்தது. பழைய எழுத்தைக் கொடுத்ததும் எல்லாம் வந்துவிட்டன.

எடிட் செய்ததை முழு வீடியோ ஃபைலாக வெளியே எடுக்கும் எக்ஸ்போர்ட்டில்தான் சனி பிடித்தது. இரண்டே கால் மணி நேரப் படம் பாதியில் நின்று, 'தெரியாத பிழை' என்று ஒரு வரி காட்டும். அவ்வளவு பெரிய மென்பொருளுக்குச் சொல்லத் தெரிந்தது அவ்வளவுதான். மென்பொருள் தற்காலிகமாகச் சேர்த்து வைக்கும் கேஷ் ஃபைல்களை அழித்தேன். கிராபிக்ஸ் டிரைவரை அடியோடு நீக்கி, கேம் ஆடுபவர்களுக்கானதை விட்டு ஸ்டூடியோ டிரைவர் போட்டேன். கார்டை ஒதுக்கிவிட்டுப் பிராசசரிலேயே ரெண்டர் (படத்தை உருவாக்கும் வேலை) விட்டேன். மென்பொருளையே கழற்றி மாட்டினேன். மூன்று ராத்திரி போனது. பெண் வீட்டார் போனை எடுக்கவே பயமாக இருந்தது.

சிவாஜி நகரில் சர்வீஸ் பார்க்கும் அண்ணன் ஒருவரைக் கூப்பிட்டேன். நான் செய்ததையெல்லாம் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "தம்பி, தெனமும் ஒரே எடத்துலயா நிக்குது?" என்றார்.

நான் பார்த்து வைக்கவில்லை. அன்றைக்குத்தான் பழைய பத்திரிகையின் பின்பக்கத்தில் குறித்தேன்: 41வது நிமிடம், 1 மணி 12, அப்புறம் 19.

"ஒரே எடம்னா அந்தக் கிளிப்போ எஃபெக்டோ கெட்டிருக்கும். மாறி மாறி நின்னா பொட்டிக்குள்ள பாரு. மொதல்ல ரேம்."

ரேமைச் சோதிக்கும் மெம்டெஸ்ட்86-ஐப் பென்டிரைவில் ஏற்றி, விண்டோஸுக்குப் போகாமலே ஓடவிட்டேன். டீ குடித்துவிட்டு வருவதற்குள் திரையில் சிவப்பு வரிகள். வேடிக்கை என்னவென்றால், புது ஜோடியைத் தனியாகச் சோதித்தால் சுத்தம், பழைய ஜோடியும் தனியாகச் சுத்தம். நான்கையும் சேர்த்து, பயாசில் (போர்டின் அடிப்படை அமைப்புப் பக்கம்) ரேமின் வேகத்தைக் கூட்டும் எக்ஸ்எம்பி-யைப் போட்டு 3600 வேகத்தில் ஓட்டினால்தான் பிழை. டிடிஆர்4-க்குத் தர நிர்ணயப்படி உச்சம் 3200. அதற்கு மேல் டப்பாவில் அச்சிட்டிருப்பது ஓவர்கிளாக் வேகம். நான்கு ஸ்லாட்டும் நிறைந்தால், அதுவும் கலப்படமாக நிறைந்தால், அந்த வேகம் கிடைத்தே தீரும் என்பதில்லை. பிரௌசர், பாட்டு, வாட்ஸ்அப்பெல்லாம் அத்தனை நினைவகத்தைத் தொடுவதில்லை. ரெண்டர் மூலைமுடுக்கெல்லாம் போய்வரும். அதனால் மாட்டிக்கொண்டது எடிட்டிங் மென்பொருள், மூன்று ராத்திரி நான் திட்டியதும் அதைத்தான்.

எக்ஸ்எம்பி-யை அணைத்தால் நான்கும் ஒழுங்காகவே ஓடின. இருந்தாலும் எனக்கு நம்பிக்கை விட்டுப்போயிருந்தது. பழைய இரண்டையும் கழற்றி மேஜை டிராயரில் போட்டேன். அன்று இரவே படம் முழுசாக வெளியே வந்தது.

மறுநாள் அண்ணா திரையை உற்றுப் பார்த்தார். "ஏன்டா, 48-னு காட்டிட்டு இருந்துச்சே?"

"32 போதும்ணா" என்றேன். டிராயரைத் திறக்கவில்லை.