காலிக் கோப்பிலிருந்து ஒரு கோட்பிளக்: கிருஷ்ணகிரியில் டிஎம்ஆர் செட் புரோகிராம் செய்து பார்த்தது

டிஎம்ஆர் (குரலை டிஜிட்டலாக அனுப்பும் முறை) ரேடியோ செட் வாங்கியதும் யாராவது செய்து வைத்த கோட்பிளக்கை, அதாவது சேனல்களும் அமைப்புகளும் அடங்கிய கோப்பை, வாங்கி ஏற்றிவிடுவது வழக்கம். பெரிய நகரங்களில் அது போதும், அங்கிருக்கும் ரிப்பீட்டர்கள் (அலையை வாங்கி மறுபடி அனுப்பும் நிலையங்கள்) எல்லாம் அதிலேயே இருக்கும். கிருஷ்ணகிரியில் மொட்டை மாடியிலிருந்து நேரடியாகப் பேச நினைக்கிற எனக்கு அந்த நூற்றுக்கணக்கான சேனல்கள் எதற்கு? ஹாம் (அமெச்சூர் ரேடியோ) ஆவதற்கான ஏஎஸ்ஓசி தேர்வு எழுதி உரிமம் வாங்கி, இதுவரை எஃப்எம்மில் மட்டும் பேசி வந்தவன் நான். ஒவ்வொரு கட்டமும் என்ன செய்கிறது என்று தெரிந்துகொண்டே நிரப்ப வேண்டும் என்று காலிக் கோப்பில் தொடங்கினேன்.

முதல் வேலை, செட்டில் ஏற்கெனவே இருப்பதைக் கணினியில் ரீட் செய்து தனியாகச் சேமித்து வைப்பது. இதைத் தவிர்க்கவே கூடாது. பிறகு டிஎம்ஆர் ஐடி. அழைப்புக் குறியையும் உரிமத்தையும் காட்டிப் பதிவு செய்தால் 7 இலக்க எண் தருவார்கள். நம் நாட்டுக்கு அது 404 என்று தொடங்கும். அடுத்து அலைவரிசை. நமக்கு 434 முதல் 438 மெகாஹெர்ட்ஸ் வரை அனுமதி உண்டு. 435க்கு மேலே செயற்கைக்கோள்களுக்கு விட்டுவிடுவதுதான் முறை என்பதால், 434க்கும் 435க்கும் நடுவில் ஓர் இடம் எடுத்தோம். கலர் கோட் (இரண்டு செட்டிலும் ஒன்றாக இருக்க வேண்டிய எண்) 1, டாக் குரூப் (பேசும் குழுவின் எண்) 99, ஸ்லாட் (நேரத் துண்டு) 1. நேரடிப் பேச்சுக்குப் பல நாட்டு ஹாம்களும் வைத்துக்கொள்வது இதுதான். என்கிரிப்ஷன் என்றும் ஒரு கட்டம் இருக்கிறது. ஹாம்கள் மறைத்துப் பேசக் கூடாது, அதை அணைத்தே வையுங்கள்.

ஒரு சோன் (சேனல்களின் தொகுப்பு), அதில் ஒரே ஒரு சேனல். காவேரிப்பட்டணத்தில் இருக்கும் மூத்த ஹாம் அண்ணன் அவர் வீட்டு மாடியில் ஏறி நின்றார். குரல் தெளிவாக வந்தது, பின்னால் இரைச்சலே இல்லை!

அதோடு நிறுத்தியிருக்கலாம். "தம்பி, இப்ப ஒண்ணொண்ணா மாத்திப் பாரு, அப்பதான் புரியும்" என்றார் அண்ணன். இந்த வேலையில் எனக்குக் கிடைத்த பெரிய பாடம் அந்த மாலைதான்.

என் கலர் கோடை 2 ஆக்கினேன். அவர் பேசும்போது பச்சை விளக்கு எரிகிறது, ஸ்பீக்கரில் சத்தமே இல்லை. அலை வந்து சேர்கிறது, ஆனால் கலர் கோட் வேறு என்பதால் செட் அதைத் தள்ளிவிடுகிறது. மறுபடி 1 வைத்துவிட்டு, ரிசீவ் குரூப் பட்டியலிலிருந்து (செட் கேட்க வேண்டிய டாக் குரூப்கள்) 99ஐ நீக்கினேன். அதே பச்சை விளக்கு, அதே மௌனம். எந்த டாக் குரூப் என்று பார்க்காமல் கேட்க விடும் டிஜிட்டல் மானிட்டரைப் போட்டதும் குரலும் வந்தது, திரையில் அவருடைய ஐடியும் வந்தது. காண்டாக்டில் அந்த எண்ணைச் சேர்த்த பிறகு அழைப்புக் குறியே தெரிந்தது. ஸ்லாட்டை மாற்றினால் மட்டும் எங்கள் செட்டுகளில் எந்த வித்தியாசமும் இல்லை. 12.5 கிலோஹெர்ட்ஸ் அகலத்தை 30 மில்லிசெகண்ட் துண்டுகளாக இரண்டு பேச்சுக்குப் பிரித்துக் கொடுப்பதுதான் ஸ்லாட். அந்தத் தாளத்தைப் பிடித்துக் கொடுப்பது ரிப்பீட்டர். நேரடிப் பேச்சில் அது இல்லையே.

எஃப்எம்மில் ஏதாவது தவறினாலும் இரைச்சல் ஒரு துப்புக் கொடுக்கும். இங்கே விளக்கையும் திரையையும்தான் படிக்க வேண்டும். விளக்கே எரியவில்லை என்றால் அலைவரிசை, ஆன்டெனா, தூரம். எரிந்தும் சத்தம் இல்லை என்றால் முதலில் மானிட்டரைப் போட்டுப் பார்க்கிறேன். அதில் குரல் வந்தால் டாக் குரூப் பக்கம், வராவிட்டால் கலர் கோட் பக்கம் போகிறேன்.

மாடிப்படியில் இறங்கிக்கொண்டே கேட்டபோது இன்னொன்றும் தெரிந்தது. டிஜிட்டல் குரல் கடைசி வரை நன்றாக இருந்து, சட்டென்று உடைந்து, அப்படியே நின்றுவிட்டது. அதே இடத்தில் எஃப்எம் இரைச்சலோடு, வார்த்தை புரியும் அளவுக்குக் கேட்டது. அதனால் அதே அலைவரிசையில் ஓர் எஃப்எம் சேனலையும் சோனில் பக்கத்திலேயே வைத்துவிட்டேன். தொடங்குகிற எல்லோருக்கும் இதைச் சொல்வேன்.

அடுத்து ராயக்கோட்டை மலைக்கோட்டையில் ஏறி அங்கிருந்து கூப்பிடப் போகிறேன். தர்மபுரி பக்கம் டிஎம்ஆர் செட் வைத்திருக்கும் ஹாம்கள் கலர் கோட் 1, டாக் குரூப் 99 வைத்துக் காத்திருந்தால் அந்தத் திசையிலும் முயன்று பார்க்கலாம்.